பித்தப்பைக் கல்லும் அறுவைக்குப் பின் வரும் நாட்களும்



இந்த இதழில் பித்தப்பைக் கல் என்னும் வியாதியைப் பற்றியும், அதற்கான அறுவை சிகிச்சையைப் பற்றியும், அதன் பின் ஒரு நோயாளி எழுந்து நடமாடி மீண்டும் வேலைக்குத் திரும்புவதைப் பற்றியும் எழுதுகிறோம்.

ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள கடலோரப் பகுதியில் வாழ்கிறவர்களில் பலர் உடல் உழைப்பால் பிழைக்கிறவர்கள். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குச் செல்கிறவர்கள், மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கிற பெண்கள், ஆலைகளில் ஒப்பந்த வேலை செய்கிறவர்கள் என்று பலரும் இதில் உண்டு. இவர்களில் ஒருவரிடம் “உங்கள் பித்தப்பையில் கல் இருக்கிறது, அறுவை செய்ய வேண்டும்” என்று டாக்டர் சொன்னால், அவர் முதலில் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றாகவே இருக்கும். “எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?”

இது அற்பமான கேள்வி அல்ல. மருத்துவ ஆராய்ச்சியாளர்களும் பல ஆண்டுகளாக இதே கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றில் சில நாம் எதிர்பார்த்தபடியே உள்ளன. சில நம்மை ஆச்சரியப்படுத்துகின்றன. அவற்றை எளிய முறையில் இங்கே விளக்குகிறோம்.

பித்தப்பை என்ன செய்கிறது?

வலது விலா எலும்புகளின் கீழே, கல்லீரலின் அடியில், சிறு கத்தரிக்காய் அளவில் தொங்கும் ஒரு பையே பித்தப்பை. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியைப் பித்தப்பை வாங்கி, நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. நாம் எண்ணெய், நெய், கொழுப்பு சேர்ந்த உணவை உண்ணும்போது பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்கு அனுப்புகிறது.

பித்தநீரில் கரைந்துள்ள பொருட்களின் அளவு சீர்கெடும்போது அவை படிந்து கல்லாகின்றன. பை சுருங்கும் நேரத்தில் கல் அதன் வாயை அடைத்துக்கொண்டால் வலி பிறக்கிறது. இந்த வலி பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு, பல நேரங்களில் இரவில் வரும். மேல்வயிற்றில் தொடங்கி வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ பரவும். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை நீடித்துப் பின் அடங்கிவிடும். அடங்கிவிடுவதால்தான் நம் மக்கள் இதை “கேஸ்” என்று எண்ணி, சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து மாதக்கணக்கில் நாளைக் கடத்துகிறார்கள்.

பித்தப்பை இல்லாமல் மனிதன் வாழ முடியுமா? நன்றாக வாழ முடியும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரலே. பை அதைச் சேமிக்கும் இடம் மட்டுமே. பையை எடுத்துவிட்டால் பித்தநீர் சிறிது சிறிதாக நேரே குடலுக்கு வந்துகொண்டிருக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகிப் போகலாம். பெரும்பாலோருக்கு அதுவும் சரியாகிவிடும்.

நம் ஊர்க் கல் எப்படிப்பட்டது?

1968ஆம் ஆண்டு, இந்திய ரயில்வே ஊழியர்களிடையே பித்தக்கல் எவ்வளவு காணப்படுகிறது என்று டாக்டர் மல்ஹோத்ரா ஒரு ஆய்வை வெளியிட்டார். வட இந்தியத் தொழிலாளர்களிடையே இந்த வியாதி தென்னிந்தியத் தொழிலாளர்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்று அவர் கண்டார். உணவுப் பழக்கமே இதற்குக் காரணம் என்று அவர் கருதினார்.

தென்னாட்டில் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. நம் பகுதியிலேயே உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை இதில் முக்கியமான பணியைச் செய்திருக்கிறது. 1782ஆம் ஆண்டுப் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த இடத்திலிருந்து வளர்ந்ததால், இன்றும் முதியவர்கள் “கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி” என்று சொல்லும் மருத்துவமனைதான் அது. அங்கு ஜீரண உறுப்பு நோய்ப் பிரிவில் பணியாற்றிய டாக்டர் வி. ஜெயந்தியும் அவருடைய குழுவினரும் சென்னை நகரில் பித்தக்கல் நோய் காணப்படும் விதத்தை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். பின்னர் கற்களையே சோதித்து, அவை எவற்றால் ஆனவை என்றும் ஆராய்ந்தார்கள்.

வட இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுபவை மஞ்சள் நிறக் கொலஸ்டிரால் கற்கள். தென்னிந்தியாவில் கறுத்த நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் அதிகம். நிறமிக் கல் என்பது இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து உருவாவது.

கல்லின் நிறத்தைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். மருந்தால் கல் கரையுமா என்ற அடுத்த கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

கல்லைக் கரைக்க முடியுமா?

உர்சோடீஆக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரை உண்டு. அது கொலஸ்டிரால் கல்லை மட்டுமே கரைக்கும். அதுவும் கல் சிறியதாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு ஏறாமல் இருக்க வேண்டும். பை நன்றாகச் சுருங்கி விரிய வேண்டும். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை மாத்திரை சாப்பிட வேண்டும். அப்படியே கரைந்தாலும் ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மீண்டும் கல் உண்டாகிறது. நிறமிக் கற்களை இந்த மாத்திரை கரைப்பதில்லை. ஆகவே நம் ஊர் நோயாளிகளில் பலருக்கு இது பணச் செலவும் காலச் செலவுமாகவே முடியும்.

வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கல் போய்விடும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது சிறுநீரகக் கல்லுக்காக நம் வீடுகளில் சொல்லப்படும் வைத்தியம். சிறுநீரகத்தின் வழி வேறு, பித்தப்பையின் வழி வேறு. சிறுநீரை அதிகமாக்கும் எதுவும் பித்தப்பையைக் கழுவிவிடாது.

ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் குடித்தால் மறுநாள் மலத்தில் பச்சை நிறக் கற்கள் வரும் என்ற வைத்தியமும் பரவலாகப் பேசப்படுகிறது. அப்படி வெளிவந்த “கற்களை” நியூசிலாந்து மருத்துவர்கள் ஆராய்ந்து 2005ஆம் ஆண்டு லான்செட் இதழில் எழுதினார்கள். அவை பித்தக்கற்களே அல்ல. குடித்த எண்ணெய் வயிற்றிலும் குடலிலும் ஜீரணச் சாறுகளோடு சேர்ந்து, சோப்பைப் போல உறைந்து உருண்டவையே அவை!

கல் இருந்தாலே அறுவை வேண்டுமா?

வேண்டியதில்லை. இதை நம் ஜனங்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். வேறொரு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது, எந்தத் தொல்லையும் தராத கல் தற்செயலாகத் தெரிவது உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களில் இப்படித் தொல்லை தராத கல் உள்ள 123 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 1982இல் முடிவை வெளியிட்டார்கள். பதினைந்து ஆண்டுகளில் வலி வரும் வாய்ப்பு 18 சதவீதம் மட்டுமே என்று தெரிந்தது. அவர்களில் ஒருவரும் பித்தக்கல்லால் இறக்கவில்லை. எனவே தொல்லை தராத கல்லைப் பொதுவாக அப்படியே விட்டுவிடலாம்.

இதற்கும் சில விலக்குகள் உண்டு. 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கல், பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிதல், 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பாலிப் என்னும் தசை வளர்ச்சி ஆகியவை இருந்தால் டாக்டர்கள் அறுவையை யோசிப்பார்கள். எண்ணூர், மணலிப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் பீகார், உத்தரப்பிரதேசத்துச் சகோதர சகோதரிகளைக் குறித்துச் சற்று அதிகக் கவனம் தேவை. கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய், உலகிலேயே அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்றாகும் அளவுக்கு இருக்கிறது. அங்கிருந்து வந்த ஒருவர் மேல்வயிற்று வலியும் எடைக் குறைவும் என்று சொன்னால், “பாஷை புரியவில்லை” என்று விட்டுவிடாமல் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

வலி வந்தவர்களுக்கு நிலைமை வேறு. கல்லினால் மீண்டும் மீண்டும் வலி வந்தால் பித்தப்பையை அகற்றுவதே நிரந்தரமான சிகிச்சை. ஆனாலும், வயிற்றில் வரும் எல்லா வலியும் கல்லின் வலி அல்ல. நெதர்லாந்து நாட்டில் 1,067 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வழக்கமான முறையில் அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவினரில் ஓராண்டுக்குப் பின் 60 சதவீதத்தினரே வயிற்று வலியின்றி இருந்தார்கள். கடுமையான விதிகளின்படி தேர்ந்தெடுத்த குழுவில் 56 சதவீதம். அதாவது, பத்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு வலி தொடர்ந்தது. வயிற்றுப் புண், மலச்சிக்கல் போன்ற வேறு காரணங்கள் கல்லோடு சேர்ந்தே இருந்திருக்கலாம்.

பிரிட்டனில் 434 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வும் கவனிக்கத்தக்கது. சிக்கல் இல்லாத பித்தக்கல் வலி உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அறுவையும், மற்றக் குழுவுக்கு வலி மருந்தும் உணவு ஆலோசனையும் என்று ஒதுக்கினார்கள். பதினெட்டு மாதங்களில் இரு குழுவினரின் வலி நிலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. மருந்துக் குழுவில் 25 சதவீதத்தினருக்கு மட்டுமே அதற்குள் அறுவை நடந்தது. அறுவைக் குழுவிலும் 67 சதவீதத்தினருக்கே அதுவரை அறுவை நடந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனவே எப்போதாவது ஒரு முறை லேசாக வலி வந்து, வேறு சிக்கல் இல்லாதவர், டாக்டரின் கண்காணிப்பில் சில காலம் பொறுத்திருப்பது தவறல்ல. ஆனால் பல நாட்கள் கடலிலேயே தங்கும் விசைப்படகுத் தொழிலாளியும், தொலைதூரம் லாரி ஓட்டுகிறவரும் தங்கள் தொழிலை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நடுக்கடலில் வலி கண்டால் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது?

தாமதிக்கக் கூடாத நேரம்

வலி ஐந்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் இருந்தாலும், காய்ச்சலோ குளிரோ கண்டாலும், கண்களும் சிறுநீரும் மஞ்சளானாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வலி குறைவாகவே தெரியலாம், ஆபத்து குறைவதில்லை. மார்புக்குக் கீழே வரும் வலி இருதய வலியாகவும் இருக்கக்கூடும் என்பதால் வீட்டிலிருந்தபடி தீர்மானிக்க வேண்டாம்.

மஞ்சள் காமாலையைப் பற்றி ஒரு வார்த்தை. காமாலை என்றால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதும் மந்திரிப்பதும் நம் பகுதியில் வழக்கம். கிருமியால் வரும் காமாலை பல நேரங்களில் தானாகவே குணமாகிவிடும். ஆனால் கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்ததால் வரும் காமாலை அப்படிக் குணமாகாது. தேங்கிய பித்தநீரில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. இத்தகைய கல்லைப் பெரும்பாலும் வாய் வழியாக எண்டோஸ்கோப் குழாயைச் செலுத்தியே எடுத்துவிடலாம். கீழாநெல்லியோடு கழியும் இரண்டு வாரங்கள் இந்த நோயாளிகளுக்கு மிகவும் விலையுயர்ந்தவை.

பித்தப்பை வீங்கிச் சீழ் பிடிக்கும்போது, “முதலில் மருந்தால் வீக்கம் தணியட்டும், ஆறு வாரம் கழித்து அறுவை செய்யலாம்” என்பதே முன்பு பரவலான வழக்கமாக இருந்தது. இது சரிதானா என்று ஜெர்மனி, ஸ்லோவேனியா நாடுகளின் 35 மருத்துவமனைகளில் 618 நோயாளிகளைக் கொண்டு சோதித்தார்கள். சீட்டுப் போடுவது போல, யாருடைய விருப்பத்துக்கும் இடமின்றி நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் மற்றக் குழுவுக்கு ஏழாம் நாளுக்குப் பின்னும் அறுவை செய்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. உடனே அறுவை செய்தவர்களில் 11.8 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் வந்தன. தள்ளிப்போட்டவர்களில் இது 34.4 சதவீதம்! ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களும் சராசரியாக 5.4 என்பதும் 10.0 என்பதுமாக இருந்தன.

இதன் காரணம் எளிது. முதல் சில நாட்களில் வீக்கத்தில் நீர் கோத்திருப்பதால் பையைச் சுற்றியுள்ள படலங்கள் எளிதில் பிரியும். வாரங்கள் செல்லச் செல்ல அவை தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

கல் நழுவிக் கணையத்தில் வீக்கம் உண்டாக்குவதும் உண்டு. இப்படி லேசான கணைய வீக்கம் வந்து தேறியவர்களை, “ஒரு மாதம் கழித்து வாருங்கள்” என்று வீட்டுக்கு அனுப்புவதா, அதே தடவையில் அறுவை செய்து அனுப்புவதா? நெதர்லாந்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் 17 சதவீதத்தினர் கல்லின் தொல்லையால் மீண்டும் ஆஸ்பத்திரியில் சேரவோ மரணத்தைச் சந்திக்கவோ நேர்ந்தது. அதே தடவையில் அறுவை செய்யப்பட்டவர்களில் இது 5 சதவீதம்தான். தினக்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இதன் அர்த்தம் என்ன? இரண்டு தடவை படுக்காமல் ஒரே தடவையில் முடிகிறது.

பெரிய வெட்டு, சிறிய வெட்டு, துளை

பித்தப்பையை முதன்முதலில் முழுவதுமாக அகற்றியவர் டாக்டர் கார்ல் லாங்கன்புக். அவர் பெர்லினில் லாசரு மருத்துவமனை என்ற, திருச்சபைப் பெண் ஊழியர்களான டீக்கனஸ்கள் நோயாளிகளைப் பராமரித்த மருத்துவமனையின் தலைவராக இருந்தார். 1882ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி, 43 வயதான ஒருவருக்கு அந்த அறுவை நடந்தது. அதுவரை மற்றவர்கள் பையைத் திறந்து கல்லை மட்டும் எடுத்தார்கள்; பை இருந்ததால் கல் மீண்டும் வந்தது. கல்லை உண்டாக்கும் பையையே எடுக்க வேண்டும் என்பது லாங்கன்புக்கின் எண்ணம். நோயாளி பிழைத்தார், சுமார் ஆறு வாரங்களுக்குப் பின் வீடு திரும்பினார்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் இதுவே முறையாக இருந்தது. 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி, ஜெர்மனியின் பெப்ளிங்கன் நகரில் டாக்டர் எரிக் மூஹே லேப்ராஸ்கோப் என்னும் குழாய்க் கருவியின் துணையோடு பித்தப்பையை அகற்றினார். மறு ஆண்டு அதை மருத்துவர் கூட்டத்தில் சொன்னபோது அவரை ஏளனம் செய்தார்கள். 1992இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கமே அவருக்கு விருது அளித்தது. இந்தியாவில் இந்த முறையை 1990ஆம் ஆண்டு பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெம்டன் உத்வாடியா தொடங்கினார். அது ஏழைகள் நம்பி வரும் அரசு மருத்துவமனை என்பது நம் கவனத்துக்குரியது.

துளை முறையால் நோயாளி விரைவில் தேறுகிறாரா? பழைய பெரிய வெட்டோடு ஒப்பிட்டால், ஆம். 38 ஆய்வுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து 2006இல் காக்ரேன் என்ற அமைப்பு வெளியிட்ட முடிவின்படி, துளை முறையில் ஆஸ்பத்திரியில் தங்குவது சுமார் மூன்று நாட்கள் குறைகிறது. முழுவதும் தேறி வேலைக்குத் திரும்புவது சுமார் மூன்று வாரங்கள் முன்னதாகவே நடக்கிறது.

ஆனால் இன்னொரு முறையும் உண்டு. 8 சென்டிமீட்டருக்குக் குறைவான சிறிய வெட்டின் வழியாகவே பையை எடுப்பது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 200 நோயாளிகளைக் கொண்டு துளை முறையையும் சிறு வெட்டு முறையையும் ஒப்பிட்டு, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் செய்த ஏற்பாடு மிகவும் நேர்த்தியானது. எந்த முறையில் அறுவை நடந்தாலும், எல்லா நோயாளிகளுக்கும் வயிற்றில் ஒரே மாதிரியான கட்டைப் போட்டார்கள். ஆகவே எந்த முறை என்று நோயாளிக்கும் தெரியாது, வார்டில் கவனிக்கும் நர்சுகளுக்கும் தெரியாது. “இவருக்குப் புது முறை, இவர் சீக்கிரம் எழுந்துவிடுவார்” என்று யாரும் முன்கூட்டியே நினைக்க வழியில்லை.

முடிவு என்ன தெரியுமா? இரண்டு குழுவினரும் ஆஸ்பத்திரியில் தங்கியது மூன்று இரவுகள்தான். முழு நடமாட்டம் திரும்ப இரு குழுவினருக்கும் மூன்று வாரங்கள் ஆயின. வேலைக்குத் திரும்பத் துளை முறையில் ஐந்து வாரங்கள், சிறு வெட்டில் நான்கு வாரங்கள். அறுவைக்குப் பிடித்த நேரம் துளை முறையில் 65 நிமிடம், சிறு வெட்டில் 40 நிமிடம். பின்னர் காக்ரேன் தொகுத்த ஆய்வுகளிலும் இவ்விரு முறைகளுக்கிடையே தேறுதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதனால் லேப்ராஸ்கோப் கருவி வீண் என்று யாரும் எண்ண வேண்டாம். இன்று உலகெங்கும் அதுவே வழக்கமான முறை. இளம் டாக்டர்கள் பெரும்பாலும் அதில்தான் பயிற்சி பெறுகிறார்கள். ஆனால் “கருவி வாங்கினால் போதும், நோயாளி தானாகத் தேறிவிடுவார்” என்று நினைப்பது சரியல்ல என்பதை ஷெஃபீல்டு ஆய்வு காட்டுகிறது. நோயாளி தேறுவதில் அறுவை செய்யும் கையின் பயிற்சிக்கும், வார்டில் கிடைக்கும் கவனிப்புக்கும், அவர் மனதில் உள்ள நம்பிக்கைக்கும் பெரிய பங்கு உண்டு.

இந்த அறுவையில் மிகவும் அஞ்ச வேண்டியது, பித்தப்பையின் குழாய் என்று எண்ணிக் கல்லீரலிலிருந்து வரும் முக்கியக் குழாயை வெட்டிவிடுவதுதான். ஆயிரத்தில் சிலருக்கே இது நேர்கிறது. நேர்ந்தால் துன்பம் பெரிது. இதைத் தடுக்க அமெரிக்க மருத்துவர் ஸ்ட்ராஸ்பர்க் 1995இல் ஒரு நெறியை வகுத்தார். பைக்குள் செல்வது ஒரு குழாயும் ஒரு இரத்த நாளமும் மட்டுமே என்று கண்ணால் தெளிவாகக் காணும் வரை எதையும் வெட்டக் கூடாது என்பதே அது. தெளிவாகத் தெரியாவிட்டால் துளை முறையை நிறுத்தி வயிற்றைத் திறப்பார்கள். அல்லது பையின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள். “துளை போட்டுச் செய்வதாகச் சொன்னார்கள், கடைசியில் வெட்டிவிட்டார்களே” என்று உறவினர் வருத்தப்படுவது இயல்பு. அது தோல்வி அல்ல; நோயாளியின் உயிரைக் காக்கும் முடிவு.

கட்டில் முதல் வேலை வரை

1990களில் டென்மார்க் நாட்டின் டாக்டர் ஹென்ரிக் கெலெட், அறுவைக்குப் பின் நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருக்கும் பழைய வழக்கத்தை ஆராய்ந்து மாற்றினார். பல வகை வலி மருந்துகளைச் சிறிய அளவில் சேர்த்துக் கொடுத்தல், சீக்கிரமே உணவு கொடுத்தல், சீக்கிரமே நடக்க வைத்தல் ஆகிய எளிய காரியங்கள் தேறுதலை விரைவாக்குகின்றன என்று அவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். இன்று மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் குடிக்க அனுமதிக்கிறார்கள். துளை முறையில் அறுவை முடிந்த அன்று மாலையே பலர் எழுந்து நடக்கிறார்கள். கஞ்சியோ இட்லியோ சாப்பிடுகிறார்கள்.

நம் வீடுகளில் இதற்கு நேர்மாறாக நடப்பதுண்டு. அன்பின் மிகுதியால் நோயாளியை எழவிடாமல் படுக்க வைக்கிறோம். பத்தியம் என்று சொல்லி முட்டை, மீன், பருப்பு எதையும் கொடுப்பதில்லை. புண் ஆற வேண்டியது புரதச் சத்தால்தான். எண்ணெயில் பொரித்ததைச் சில வாரம் குறைத்துக்கொண்டால் போதும். குழம்பு மீன் விலக்கு அல்ல. ஆயுள் முழுவதும் பத்தியம் என்பது தேவையே இல்லை.

துளை முறையில் அறுவை செய்துகொண்டவர் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் இலேசான வேலைக்குத் திரும்பலாம். பாரம் தூக்குவதை நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை தவிர்க்கும்படி டாக்டர்கள் வழக்கமாகச் சொல்கிறார்கள். பெரிய வெட்டாக இருந்தால் ஆறு முதல் எட்டு வாரங்கள். லாரி ஓட்டுகிறவர், வலியின்றி முழு பலத்தோடு பிரேக்கை அழுத்த முடிகிற வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. மீன் கூடை தூக்குகிறவர், முதலில் பாதிக் கூடையோடு தொடங்குவது நல்லது. “கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள்” என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த நாளில் என்ன செய்யலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னால் நோயாளி பயமின்றித் திரும்புகிறார்.

நாம் செய்யக்கூடியது

இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள ஆலைத் தொழிலாளிக்கு, வியாதி நாட்களில் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்க வழி உண்டு. அந்தக் காப்பீடு இல்லாத சுமை தூக்குகிறவருக்கும், வலை இழுக்கிறவருக்கும், கூடை சுமக்கிறவருக்கும் அது கிடைப்பதில்லை. அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்கும். வீட்டில் அரிசி வாங்கும் செலவைத் தாங்காது. இதனால்தான் பலர் அறுவையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்டதால் சீழ் பிடித்து வருகிறார்கள். ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது இரண்டு மாதமாகிறது. வேறு சிலர் தையல் ஆறும் முன்பே சுமை தூக்கப் போய்க் குடலிறக்கத்தோடு திரும்பி வருகிறார்கள்.

ஆகையால் உங்களிடம் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஸ்கேனில் கல் தெரிந்தது என்று கலங்குகிறவருக்கு, தொல்லை தராத கல் பெரும்பாலும் ஆபத்தில்லை என்று தைரியம் சொல்லுங்கள். சாப்பிட்ட பின் அடிக்கடி மேல்வயிறு வலிக்கிறது என்கிறவரைச் சோடாக் கடைக்கு அல்ல, டாக்டரிடம் அனுப்புங்கள். காய்ச்சலோடோ காமாலையோடோ வலிக்கிறது என்கிறவரை அன்றே அழைத்து வாருங்கள்.

உங்கள் சபையிலோ தெருவிலோ இந்த அறுவை முடிந்து ஒரு தினக்கூலித் தொழிலாளி வீடு திரும்பினால், முதல் நாள் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் போய்ப் பாருங்கள். வீட்டில் கையிருப்பு தீர்ந்து, “இனி வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்” என்று அவர் முடிவு செய்யும் நாட்கள் அவைதான். ஒரு மாத அரிசியும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும், சுமையில்லாத ஒரு தற்காலிக வேலையும் அவருடைய தையலைப் பிரியாமல் காக்கும். அறுவை அறையில் டாக்டர் தொடங்கிய பணியை அந்தச் சில வாரங்களில் உங்களால்தான் முடித்துவைக்க முடியும்.